கடுக்காய் கொடுத்தவர்கள்

எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். படுத்துத் தூங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். குடிக்கிற இடத்தின் பெயர் மட்டும் ஆட்சிக்கு ஆட்சி மாறும். அதைப் பிறகு பார்ப்போம். நாங்கள் மூன்று தலைமுறையாக முதல் வகை. தாத்தா கள்ளக்குறிச்சியில் நடத்தியது கிளப்புக்கடை. அப்பா அதை மிலிட்டரி ஹோட்டல் ஆக்கினார். நான் மல்ட்டி குசைன் ஃபேமிலி ரெஸ்டாரண்ட் ஆக்கினேன். என் மகன் என்ன ஆக்கப்போகிறான் என்று இன்னும் சொல்லவில்லை. லோகோ மட்டும் தயாராகிவிட்டது.

சமையலில் எங்கள் மூவருக்கும் ஒற்றுமை கிடையாது. தாத்தா குழம்பில் மிளகு, அப்பா குழம்பில் மிளகாய், என் குழம்பில் என்ன இருக்கிறது என்பது மாஸ்டருக்குத்தான் தெரியும். ஒற்றுமை கூரையில்தான். மூன்று பேர் கூரையும் ஒழுகியது. ஏன் ஒழுகியது என்பதற்கு மூவரும் சொன்ன காரணங்கள்தான் வேறு.

தாத்தாவின் கூரை கரும்புச் சோகை. எங்கள் பக்கம் கரும்பு பூமி. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று இன்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டு முடிந்த வயலில் சோகை குவிந்து கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கொளுத்துவார்கள். மாசியில் இரண்டு வண்டி ஓட்டிவந்து, கல்வராயன்மலை மூங்கிலில் கட்டிய சட்டத்தின் மேல் வேய்ந்துவிட்டால் அடுத்த மாசி வரை கவலையில்லை. கவலையில்லை என்றால், கவலைப்பட்டுப் பயனில்லை என்று பொருள். ஐப்பசி மழையில் ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் பானை வைப்பார்கள். பானை இருக்கிற இடத்தில் ஆள் உட்கார முடியாது. “பெரிய மழ பேஞ்சா மூணு படி அரிசி கம்மியா போடு” என்று பாட்டி சொல்வாளாம். வானிலை அறிக்கையை உலை அரிசியாக மாற்றத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான்.

அடுப்புப் புகை சோகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வெளியேறும். கூரை கறுத்துப்போகும், பூச்சி அண்டாது. மேலிருந்து விழுகிற கரித்துகள் ரசத்தில் மிளகோடு சேர்ந்துவிடும். யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. பழைய காலத்துச் சாப்பாட்டின் மணம் என்று இன்றைக்குப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

நான் பிறப்பதற்கு முன்பு ஒரு சித்திரை மதியம் அந்தக் கூரையில் பொறி ஏறியது. கால் மணி நேரத்தில் கடை இல்லை. மிச்சமிருந்தது அம்மி, ஆட்டுரல், கல்லாப்பெட்டியின் பூட்டு. அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. அன்றிலிருந்து அவருக்குச் சோகை, கீற்று, வைக்கோல், காய்ந்த எதுவும் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. நாட்டு ஓடு போட்டார், முன்புறம் தகரம் இறக்கினார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் கடையில் அம்மி நெருப்புக்கும் அசையவில்லை, காற்றுக்கும் அசையவில்லை. தகரம்தான் பறந்தது, எதிர்சாரி சைக்கிள் கடைக்கு. 1978-இல் ஒருவழியாக கான்கிரீட் தளம் போட்டார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

கான்கிரீட் மட்டும் போதாது என்றார் மேஸ்திரி. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு பதிக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகக் கடுக்காய்த் தண்ணீர் வேண்டும். நாட்டு மருந்துக் கடைக் கடுக்காயை அப்பா நம்பவில்லை. பூச்சி அரித்ததைக் கொடுப்பார்கள் என்று சந்தேகம். கடுக்காய் விளைகிற மலைக்கே கிளம்பிவிட்டார், என்னையும் கூட்டிக்கொண்டு. கச்சிராயபாளையம் வரை பஸ். கோமுகி அணையைத் தாண்டி, கிடைத்த இடத்தில் வண்டி, கிடைக்காத இடத்தில் நடை.

மலை அப்போதுதான் அரசாங்கத்தின் கைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 1976 வரை அங்கே மூன்று ஜாகிர்தார்களின் நிர்வாகம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த செய்தி மலையேற ஏறத்தாழ முப்பது வருடம் பிடித்திருக்கிறது. எங்களுக்கு அன்று மாலைக்குள் ஏற முடிந்ததே பெரிது.

வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்பாவுக்குத் தேனும் புளியும் கொடுக்கிற பெரியவர் இருந்தார். மலையாளிப் பழங்குடியினர் பெயரோடு கவுண்டர் என்று சேர்த்துக்கொள்வார்கள். அப்பா அவரைக் ‘கவுண்டரே’ என்பார். அவர் அப்பாவைக் ‘கடைக்காரரே’ என்பார். நாங்கள் போன அன்று அந்த ஊரில் ஒரு வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். பிளந்த மூங்கிலில் பின்னி மண் பூசிய சுவர். மேலே ஏழெட்டு ஆண்கள். கீழே பெண்கள் புல்லைக் கட்டுக்கட்டாக எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டுக்காரருக்குக் கூலிச் செலவு இல்லை, சாமைச் சோறு மட்டும்தான். அடுத்த வாரம் இன்னொருவர் வீடு. அப்பாவுக்குப் பழைய நெருப்பு நினைவு வந்திருக்க வேண்டும். “இன்னும் எத்தன வருசத்துக்கு இப்படிப் புல்ல மாத்திக்கிட்டே இருப்பீங்க, கவுண்டரே?” என்றார்.

“மழ எறங்கறதுக்கு முன்ன நாம கூர ஏறிடணும், கடைக்காரரே. முன்ன ஏறுனா மழ வழுக்கும். பின்ன ஏறுனா நாம வழுக்குவோம்.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்புகிற வரை அப்பா அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு மூட்டைக் கடுக்காய் இறங்கியது. உடைத்துத் தொட்டியில் ஊறப்போட்டு, வெல்லம் கரைத்தார்கள். மொட்டை மாடியில் சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு மரப்பலகையால் தளத்தை அடித்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அடிக்கிற பலகை துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகியதாகக் கணக்கு. அடிக்க அடிக்க அந்தத் தண்ணீரைத் தெளிப்பார்கள். வெல்லம் போட்டதைப் பார்த்த நான் அது பானகம் என்று நினைத்து ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டேன். துவர்ப்பு தொண்டையைப் பிடித்தது. மீதியைக் கடுக்காய் பார்த்துக்கொண்டது. தளம் இறுகிக்கொண்டிருந்த இரண்டு நாளும் என் வயிறு இளகிக்கொண்டிருந்தது. ஒருவரை ஏமாற்றுவதற்கு ‘கடுக்காய் கொடுத்தான்’ என்று தமிழில் ஏன் சொல்கிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்த பிறகு அந்தக் கட்டடத்தை மறந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா மறக்கவில்லை. அவருடைய புரட்டாசி அங்கேதான் தொடங்கியது.

அசைவ ஹோட்டல்காரர்களுக்குப் புரட்டாசி என்ன என்பது சைவ ஹோட்டல்காரர்களுக்குப் புரியாது. முதல் சனிக்கிழமையோடு ஊரில் பாதிப் பேர் நெற்றியில் நாமம் ஏறிவிடும். ஆட்டுக்கறி வாங்க ஆள் இருக்காது. ஆவணி வரை வரிசையில் நின்றவர்கள் கடை வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மற்ற கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா பத்து நாள் கதவை இழுத்து மூடிவிடுவார். வியாபாரம் இல்லாத மாதம், அடுத்த மாதம் மழை. பெருமாளே பார்த்துக் கொடுத்த இடைவெளி என்பார். கும்பிடுவது என்னவோ முருகனை.

அந்தப் பத்து நாளில் எங்கள் கடைக்கு வராத ஆளில்லை. சுண்ணாம்பு அடிக்கிறவர் வருவார். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றுவார். அது கொதிக்கிறபோது சிறுவர்கள் பக்கத்தில் போகக் கூடாது. வடித்து, கஞ்சியும் வஜ்ஜிரமும் கலந்து, வெள்ளை எடுக்க நீலம் போட்டு, நார் மட்டையால் அடிப்பார். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. “என்னா மேஸ்திரி, அடிச்சியா இல்லியா?” என்று அப்பா கேட்பார். “காலையில பாருங்க மொதலாளி” என்பார் அவர். காலையில் கண் கூசும். வருடத்துக்கு ஒரு பூச்சு என்று ஏறி ஏறி, மூலையில் சுவரை நகத்தால் சுரண்டினால் அடை அடையாக உரிந்து வரும். எத்தனை அடை என்று எண்ணிப் பார்த்தால் கடையின் வயது.

தச்சர் வந்து கதவுகளைக் கழற்றி இழைப்பார். மழையில் ஊதிப்போய் நிலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே. பின்கட்டில் ஓடு இருந்த பகுதியின் கைமரங்களுக்குப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார். கரையான் கிட்டே வராது. பூசுகிறவர் கையும் கொப்பளித்துவிடும், அதனால் அந்த வேலைக்கு மட்டும் கூலி கூட. அம்மி கொத்துகிறவள் தெருவில் குரல் கொடுக்கக் காத்திருந்து கூப்பிடுவோம். தண்ணீர்த் தொட்டியில் என்னை இறக்கிவிடுவார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனையோடு வெளியே வருவேன். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் நாள் காலை, அப்பா வேட்டியை மடித்துக் கட்டி மொட்டை மாடிக்கு ஏறுவார். நான்கு மூலைத் தூம்புகளிலும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். இது ஒன்றை மட்டும் ஆள் வைத்துச் செய்ததில்லை.

ஆயுத பூஜை அன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கதவைத் திறப்பார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்து 2011-இல் நடைமுறைக்கு வந்தபோது, சுவரில் காரை உதிரக் கூடாது, கூரையில் ஒட்டடை கூடாது, தொட்டி கழுவ வேண்டும் என்றெல்லாம் அச்சிட்ட தாளை என்னிடம் கொடுத்தார்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “ஆயுத பூஜைன்னு ஒரு வரியில எழுதியிருக்கலாமே” என்றார்.

இதில் ஒரு செலவுக்கு மட்டும் பருவம் கிடையாது. பெயர்ப்பலகை. நான் படிக்கிற காலத்தில் பலகையின் கடைசி வரி ‘தென்னாற்காடு மாவட்டம்’. 1993-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ‘விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்’ என்று எழுத வேண்டியதாயிற்று. பலகையில் இடம் போதாமல் பரோட்டாவை அழித்துத்தான் எழுத முடிந்தது. 1997-இல் மாவட்டப் பெயர்களில் இருந்த தலைவர்களை எடுத்துவிட்டார்கள். பரோட்டா திரும்பி வந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சியே மாவட்டமானது. நடுவில் சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் எண்ணும் 68-லிருந்து 79 ஆனது. கட்டடம் அங்குலம் நகரவில்லை. முகவரிதான் ஊர் ஊராகப் போய்வந்தது.

இனி அந்த மூன்றாவது வகை. 1981-இல் சாராயக் கடை திறந்தார்கள், 1987-இல் மூடினார்கள். 1990-இல் திறந்தார்கள், 1991-இல் மூடினார்கள். 2003 முடிவில் டாஸ்மாக் வந்தது, பக்கத்திலேயே பார் வந்தது. பெயர் எதுவானாலும் கொட்டகை ஒன்றுதான். கீற்று அல்லது சிமென்ட் ஷீட்டு, எப்போதும் ஒழுகும். காசில்லாமல் இல்லை. எங்களைவிடப் பத்து மடங்கு கல்லா நிறைகிற இடம். ஏலம் எடுத்தவர் ஒருவர் என்னிடம் விளக்கினார்: “ஒரு வருசமோ ரெண்டு வருசமோ டெண்டர். அடுத்த தடவ யாருக்குப் போவுமோ. அவன் தல நனையாம இருக்க நான் ஏன் கீத்து மாத்தணும்?” இடத்துக்காரர், வாடகை வருகிற வரை மேலே பார்க்க மாட்டார். குடிக்கிறவரோ ஒழுகுகிறது என்று புகார் செய்யும் நிலையில் இருக்க மாட்டார். இதைவிடத் தெளிவான பொருளாதாரப் பாடம் எனக்குக் கல்லூரியில் கிடைக்கவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகள் உள்ளே தள்ளிப்போனபோது, ஷீட்டுகளை ஓட்டையோடு கழற்றிக்கொண்டுபோய் ஓட்டையோடு மாட்டினார்கள்.

2024 ஜூனில் எங்கள் ஊர் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதை இந்தக் கட்டுரையின் தொனியில் எழுத எனக்கு உரிமையில்லை. நகர்கிறேன்.

பைபாஸ் வந்த பிறகு வெளியூர் வண்டிகள் ஊருக்குள் வருவதை நிறுத்தின. நானும் பைபாஸுக்கே போனேன். நூற்றைம்பது பேர் உட்காரலாம். ஏ.சி. ஹால், பார்ட்டி ஹால். வாசலில், அப்பா காலமான பிறகு, குடிசை வடிவில் எட்டுக் கூண்டுகள் கட்டினேன். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கூரைக்குக் கீழே உட்கார ஆசை. நிஜக் கீற்று தீப்பிடிக்கும். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போன பிறகு கீற்று என்றாலே தீயணைப்புத் துறைக்கு ஆகாது, எனக்கும்தான். எனவே பிளாஸ்டிக் கீற்று. சதுர அடிக் கணக்கில் வருகிறது, கொஞ்சம் பழுப்பேறிய நிறத்திலேயே செய்கிறார்கள். எதைத் தலைக்கு மேல் பார்க்கக் கூடாது என்று அப்பா முப்பது வருடம் உழைத்தாரோ, அதன் போலியை நான் காசு கொடுத்து வாங்கி மாட்டினேன். கதவுகளும் அப்படித்தான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊரில், சிற்பம் செதுக்கியதுபோல் படம் அச்சடித்த பிளாஸ்டிக் கதவு வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. ஊதாது சார், இழைக்க வேண்டாம் என்றார்கள்.

பத்து நாள் மூடலாம் என்று புரட்டாசிக்காகக் காத்திருந்தேன். வியாபாரம் குறையவில்லை, கூடியது. காரணம் பிறகுதான் விளங்கியது. புரட்டாசியில் வீட்டில் கறி சமைக்கக் கூடாது. சமைக்கத்தானே கூடாது? பைபாஸில் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏ.சி. ஹாலின் உள்மூலையில் மாமியார் பார்வைக்கு எட்டாமல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடலாம். நாமத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வர முடியாதவர்களுக்குச் செல்போன் செயலி இருக்கிறது. ஆடி போனது, மார்கழி போனது, புரட்டாசியும் போனது. வருடம் முழுக்க சீசன். கூரை ஏற நாள் இல்லை.

நாள் இல்லாதவனைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் வந்தான். தளத்தில் ரப்பர்போல் ஒரு பூச்சு. பத்து வருட கியாரண்டி. அதோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், பருவத்துக்கு ஒரு செக்லிஸ்ட். “நீங்க மேல ஏறவே வேணாம் சார்.” அந்த ஒரு வரிக்காகவே கையெழுத்துப் போட்டேன். செக்லிஸ்ட்டை எந்தக் குளிர்நாட்டு மதுக்கூடத்துக்காகத் தயாரித்தார்களோ, அப்படியே தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். ‘குளிர்காலத்துக்கு முன் குழாய்கள் உறையாமல் உறை இடப்பட்டதா?’ ‘கூரையில் பனிச்சுமை அகற்றப்பட்டதா?’ என் மேனேஜர் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டு அனுப்பிவைத்தார். கள்ளக்குறிச்சியில் பனி அகற்றிய ஒரே ஹோட்டல் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி நியாயமானது: ‘இலையுதிர் காலம் முடிந்ததும் கூரைக் கால்வாய்களில் இலைகளை அகற்றவும்.’ அவர்கள் ஊரில் இலை உதிர்வதும் மழையும் அடுத்தடுத்து வரும். அடைப்பு உடனே தெரிந்துவிடும். நம் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். பெருமழை ஐப்பசியில். நடுவில் ஆறேழு மாதம் அந்த இலை தூம்புக்குள் கிடந்து மக்கி நல்ல உரமாகிவிடுகிறது. அப்பா ஏன் ஆனியில் ஏறாமல் புரட்டாசியில் ஏறினார் என்பது எனக்கு அறுபது வயதுக்கு அருகில்தான் புரிந்தது. அதுவும் வலுக்கட்டாயமாக.

அதற்கு முன் மலையில் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரோடு சேர்ந்து கரியாலூர்ப் பக்கம் ஆறு அறைகள் கட்டினோம். மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க வருகிறவர்களுக்காக. கோடை விழாவுக்கு ஒரு கூட்டம் வரும். மழைக்காலத்தில் அதைவிடப் பெரிய கூட்டம். மலை ஹோட்டல்காரனின் தலையெழுத்து இதுதான்: எந்த மழையைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்களோ அந்த மழையே அறைக்குள்ளும் வரும். ஜன்னலுக்கு வெளியே வந்தால் படம் எடுப்பார்கள், உள்ளே வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். சுவரில் கறுப்புப் பூஞ்சை, படியில் பாசி, பூட்டில் துரு. டிஷ் ஆன்டெனாவை மட்டும் குரங்குகள் பராமரித்தன.

அங்கேயும் பிளாஸ்டிக் கீற்றுதான். பார்த்துக்கொள்ள ஓர் இளைஞரை வைத்தோம். பேச்சுவாக்கில் விசாரித்தால் அந்தக் கவுண்டரின் பேரன். தாத்தா என் அப்பாவைக் கடைக்காரரே என்றார். பேரன் என்னை சார் என்கிறார். அவர் குடும்பம் இப்போது அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீட்டில் இருக்கிறது. அதன் தளம் ஒழுகுவதால் மேலே நீலத் தார்ப்பாய் விரித்து, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருக்கிறார். எங்கள் குடிசைகளில் தங்குகிறவர்கள் ஒரு இரவுக்கு மூவாயிரம் கொடுக்கிறார்கள்.

“இந்தக் கூரைய எப்ப சார் மாத்தணும்?”

“மாத்தவே வேணாம்ப்பா. இருவது வருசம் வரும்.”

கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்த நாலு கட்டுக் கீற்றை ஆட்டுக் கொட்டகைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது அவர் ஆடுகளும் என் விருந்தினர்களும் ஒரே கம்பெனிக் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். புகார் எதுவும் அவர் பக்கத்திலிருந்து வரவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையேறியது. ஏறிய புயல் நகர மனமில்லாமல் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 முழுக்க விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மேல் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் எல்லாம் மூழ்கிய நேரம் அது. அவர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் எனக்கு நடந்தது வெறும் வேடிக்கை. பார்ட்டி ஹாலின் ஃபால்ஸ் சீலிங் மெதுவாகத் தொப்பை போட்டது. சுற்றிலும் வண்ண விளக்கு எரிகிறது, நடுவில் ஜிப்சம் பலகை நிறைமாதமாகத் தொங்குகிறது. நானும் மேனேஜரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றோம். “சார், பத்து வருசம் கியாரண்டி இருக்கு” என்றார் அவர். சொல்லி முடிக்கவும் அது இறங்கியது. தண்ணீர், பலகை, இரண்டு எலிக்கூடு, கட்டுகிற காலத்தில் யாரோ உள்ளே வைத்து மறந்த ஒரு சாப்பாட்டுக் கேரியர். நல்லவேளை, மழையால் அன்று வளைகாப்பு ஒன்று தள்ளிப்போயிருந்தது.

ஒப்பந்தக்காரனைப் பிடித்துத் தின்றுவிடுவது என்றிருந்தேன். பையன் வந்தான், மேலே ஏறினான், இறங்கினான். “கோட்டிங் ஒழுகல சார். ஒரு சொட்டு எறங்கல.” உண்மைதான். ரப்பர் பூச்சு அற்புதமாக வேலை செய்திருந்தது. நான்கு தூம்புகளும் அடைத்துக்கொண்டதால் கைப்பிடிச்சுவருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் குளமாக நின்றிருக்கிறது. ஏறிய நீர் ஏ.சி. குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டையை எட்டி, வழியைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கிவிட்டது. செக்லிஸ்ட்டில் வடிகால் சுத்தம் செய்யப்பட்டதா என்ற கட்டத்தைக் காட்டினான். ‘ஆம்’ என்று இருந்தது. பனிச்சுமைக்கு அடுத்த வரி.

யார் யாருக்குக் கடுக்காய் கொடுத்தது என்று சொல்லுங்கள்.

ஊருக்குள் அப்பாவின் பழைய கடை இப்போது எங்கள் கிடங்கு. அன்று அங்கே அரிசி மூட்டை ஒன்றுகூட நனையவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். மூன்று மூட்டை நனைந்தது. 46 வருடத் தளத்தில் விரிசல் இல்லை. ஜன்னலைச் சாத்த மறந்திருந்தார்கள்.

2025 புரட்டாசியில் பைபாஸ் கடையை மூன்று நாள் மூடினேன். வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று பதினேழு பேர் போன் செய்தார்கள். செயலிக்காரர்கள், என் மதிப்பெண் குறையும் என்று குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மகன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். முதல் தூம்பில் முழங்கை வரை கையை விட்டேன். வேப்பிலைச் சக்கை, பிரியாணி பார்சல் கவர்கள், ஓர் இறகுப் பந்து, ஒரு குழந்தைச் செருப்பு. கடைசித் தூம்பின் வாயில் ஒரு அரசங்கன்று, ஆறு இலையோடு நின்றது. அரச மரத்தைப் பிடுங்கினால் பாவம் என்று உதவிக்கு வந்த சித்தாள் கை வைக்கவில்லை. அப்பா செய்வதுபோல் தண்ணீர் ஊற்றி, வேர் அறாமல் நானே மெதுவாக இழுத்தேன். ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டோம். கன்று ஒரு சாண் உயரம். சுவருக்குள் போயிருந்த வேரை மகன் அளந்தான், இரண்டு முழம்.